எந்த பாஸ்வேர்ட் மேனேஜர் எடுக்கலாம்? குறிப்பேட்டை மூட உதவுங்கள்

மறதிமன்னன்

வணக்கம். பல வருடமாக எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் என்று பெயர்தான். உண்மையில் நான்கைந்து கடவுச்சொற்களையே எல்லா இடத்திலும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். கடைசியில் ஓர் எண்ணைக் கூட்டுவேன், அவ்வளவுதான். எப்போதோ சேர்ந்து மறந்தே போன ஒரு தளத்திலிருந்து என் கடவுச்சொல் கசிந்திருக்கிறது. அதை வைத்து போன வாரம் யாரோ என் ஷாப்பிங் கணக்குக்குள் நுழைந்துவிட்டார்கள். பணம் போகவில்லை, முகவரியை மட்டும் மாற்றி வைத்திருந்தார்கள். தூக்கம்தான் போய்விட்டது.

எண்ணிப் பார்த்தேன், 140 கணக்குகளுக்கு மேல் இருக்கிறது. ஒரு விண்டோஸ் லேப்டாப், ஓர் ஆண்ட்ராய்டு போன். என் ஒருவனுக்கு மட்டும். கடவுச்சொற்களையெல்லாம் பூட்டி வைத்து, வேண்டும்போது தானே நிரப்பும் மென்பொருளுக்கு, அதாவது பாஸ்வேர்ட் மேனேஜருக்கு மாறலாம் என்றிருக்கிறேன். எதை எடுப்பது? இணையத்தில் தேடினால் எல்லோரும் 'முதல் பத்து' என்று பட்டியல் போடுகிறார்கள், பத்தையும் ஒரே மாதிரி புகழ்கிறார்கள். பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

அணில்பிள்ளை

பிட்வார்டன். இலவசக் கணக்கே போதும். அடுத்த கேள்வி?

கட்டளைவரி

அணில் சொன்ன பதில் சரிதான், காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன். பிட்வார்டன் 2016-லிருந்து இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ், அதாவது அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இலவசக் கணக்கிலேயே எத்தனை கடவுச்சொல் வேண்டுமானாலும் வைக்கலாம், எத்தனை கருவியில் வேண்டுமானாலும் திறக்கலாம். இந்த இரண்டாவது விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு மேனேஜர் 2021 மார்ச்சில் இலவசக் கணக்கை 'ஒன்று கம்ப்யூட்டர், இல்லையென்றால் மொபைல், இரண்டும் கிடையாது' என்று குறுக்கியபோது அதை நம்பியிருந்தவர்கள் அவசர அவசரமாக வீடு மாற வேண்டியிருந்தது.

உங்கள் கணினியை விட்டு எதுவும் வெளியே போகக் கூடாது என்றால் கீபாஸ்எக்ஸ்சி. கணக்கு கிடையாது, சர்வர் கிடையாது. எல்லாம் பூட்டிய ஒரே கோப்புக்குள். ஆண்ட்ராய்டில் அதே கோப்பை கீபாஸ்டிஎக்ஸ் திறக்கும். நான் எட்டு வருடமாக இதில்தான் இருக்கிறேன்.

நீலக்குடை

கீபாஸில் நானும் இருந்தேன், கட்டளைவரி. லேப்டாப்பில் ஒரு கடவுச்சொல்லை மாற்றினேன். அது போனுக்கு வந்து சேரும் முன்பே போனில் வேறொன்றைச் சேர்த்தேன். கிளவுட் இரண்டு கோப்புகளையும் வைத்துக்கொண்டு ஒன்றுக்கு 'முரண்பட்ட நகல்' என்று பெயர் சூட்டியது. எதில் எது புதிது என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. இரண்டையும் இணைக்கும் வசதி கீபாஸ்எக்ஸ்சியிலேயே இருக்கிறது என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது.

தப்பு என்னுடையதுதான். ஆனால் கோப்பைக் கவனிக்கிற வேலை நம் தலையில் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். 'மறதிமன்னன்' என்று பெயர் வைத்திருக்கிறவருக்கு இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

கட்டளைவரி

ஒப்புக்கொள்கிறேன்.

சோம்பேறிசித்தர்

ஏன் இவ்வளவு அலைச்சல்? போனில் கூகுளின் கடவுச்சொல் சேமிப்பு இருக்கிறது, லேப்டாப்பில் குரோம் இருக்கிறது. இரண்டும் தானாகவே பேசிக்கொள்கின்றன. புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். ஆப்பிள்காரர்களுக்கும் 2024-ல் தனி பாஸ்வேர்ட்ஸ் ஆப்பே வந்துவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

பழையசாவி

சித்தரே, உங்கள் வழியைக் கேலி செய்ய மாட்டேன். எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல் வைத்திருக்கிறவர் பிரவுசர் சேமிப்புக்கு மாறினாலே பெரிய ஆபத்து விலகிவிடும். ஒரே நிறுவனத்தின் கருவிகளை மட்டுமே பயன்படுத்துகிறவருக்கு அது போதுமானது என்றுகூடச் சொல்வேன்.

இரண்டு விஷயம் மட்டும் உறுத்தும். ஒன்று, தகவல் திருடும் மால்வேர்கள் கணினிக்குள் நுழைந்ததும் முதலில் போய்ப் பார்க்கிற இடம் பிரவுசரின் சேமிப்புதான். எல்லோர் வீட்டிலும் ஒரே இடத்தில் பீரோ இருந்தால் திருடனுக்குத் தேடும் வேலை மிச்சம். இரண்டு, உங்கள் மெயில், படங்கள், கடவுச்சொற்கள் எல்லாம் ஒரே கணக்கில் தொங்குகின்றன. அந்தக் கணக்கு ஏதோ காரணத்தால் முடக்கப்பட்டால் எல்லாம் சேர்ந்தே போகும்.

மறதிமன்னனுக்கு இன்னொரு விஷயம். அந்தக் 'கடைசியில் ஓர் எண்' பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் பூட்டே இல்லாமல் அப்பட்டமாகக் கசிந்தன. மனிதர்கள் எப்படிக் கடவுச்சொல் வைப்பார்கள் என்பதற்கு அது பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. உடைக்கும் மென்பொருள்கள் ஒரு சொல்லை எடுத்தால் அதன் பின்னால் எண்ணைச் சேர்த்துத்தான் அடுத்து முயலும்.

எழுத்தாணி

குறிப்பேட்டை எல்லோரும் மட்டம் தட்டுவதால் அதன் பக்கம் ஒரு வார்த்தை. இணையத்தில் இருக்கிற எந்தத் திருடனாலும் உங்கள் மேசை இழுப்பறையைத் திறக்க முடியாது. 'நல்ல கடவுச்சொல்லாக வையுங்கள், அதைத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே எழுதியிருக்கிறார். பாஸ்வேர்ட் சேஃப் என்ற மென்பொருளை முதலில் உருவாக்கியவரும் அவர்தான். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பது என் கட்சி.

நீலக்குடை

குறிப்பேடு ஒன்றைச் செய்யாது, எழுத்தாணி. முகவரியைப் பார்க்காது.

போன வருடம் எனக்கு 'உங்கள் பார்சல் நிற்கிறது' என்று ஒரு மெசேஜ் வந்தது. தட்டினேன். பக்கம் அச்சு அசலாக இருந்தது. ஆனால் பாஸ்வேர்ட் மேனேஜர் வாயே திறக்கவில்லை, பெட்டியை நிரப்பவில்லை. 'சனியன், மறுபடி கெட்டுப்போச்சா' என்று திட்டிக்கொண்டே ஆப்பைத் திறந்து கடவுச்சொல்லைக் காப்பி செய்துவிட்டேன். ஒட்டப் போகிற நேரத்தில்தான் முகவரிப் பட்டையில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்ததைப் பார்த்தேன். மேனேஜர் கெடவில்லை. அந்தப் பக்கம் அதற்குத் தெரியாத பக்கம், அதனால் பேசாமல் இருந்திருக்கிறது. நான்தான் அதைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

அப்போதிலிருந்து நிரப்பவில்லை என்றால் கையை எடுத்துவிடுவேன். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற பக்கம் அதற்கு ஒரே மாதிரி தெரியாது. இதற்காகவே மேனேஜர் வேண்டும் என்பேன்.

மறதிமன்னன்

நன்றி, நிறைய தெளிந்தது. ஆனால் அடிமனதில் ஒரு பயம். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறோமே, அந்த நிறுவனத்தையே ஹேக் செய்துவிட்டால்? லாஸ்ட்பாஸுக்கு நடந்தது என்று படித்தேன்.

பழையசாவி

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஆகஸ்டில் லாஸ்ட்பாஸின் டெவலப்பர்கள் வேலை செய்யும் பகுதிக்குள் ஆள் நுழைந்தான். அங்கே கிடைத்ததை வைத்து அடுத்த கட்டத்துக்குப் போனான். ஒரு மூத்த பொறியாளரின் வீட்டுக் கணினி வழியாக, வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் பூட்டிக் கிடக்கும் பெட்டகங்கள் பேக்கப்பாக இருந்த கிளவுட் சேமிப்பு வரை போய்விட்டான். பெட்டகங்களின் நகலையே எடுத்துவிட்டார்கள் என்று நிறுவனம் சொன்னது டிசம்பர் கடைசியில்.

இந்த மாதிரி சேவைகளில் பெட்டகம் நம் கருவியிலேயே பூட்டப்பட்டுத்தான் சர்வருக்குப் போகும். சாவி நிறுவனத்திடமே இருக்காது. அப்படியென்றால் நகல் போனாலும் பரவாயில்லைதானே? பாதிதான் சரி. லாஸ்ட்பாஸில் கடவுச்சொற்கள் பூட்டியிருந்தன, தளங்களின் முகவரிகள் பூட்டப்படவில்லை. யாருக்கு எந்தெந்த இடத்தில் கணக்கு இருக்கிறது என்பது திருடனுக்கு வெளிச்சம்.

அடுத்தது மாஸ்டர் பாஸ்வேர்ட், அதாவது பெட்டகத்தைத் திறக்க நாம் நினைவில் வைக்கும் ஒரே கடவுச்சொல். அதை நேரடியாகச் சாவியாக்க மாட்டார்கள். வேண்டுமென்றே ஒரு கணக்கைப் பல்லாயிரம் முறை சுற்றவிட்டுத்தான் சாவி பிறக்கும். திருடன் ஒவ்வொரு ஊகத்துக்கும் அத்தனை சுற்று சுற்றியாக வேண்டும். லாஸ்ட்பாஸ் 2018 வாக்கில் இதை ஒரு லட்சத்துக்கு உயர்த்தியது. ஆனால் பழைய கணக்குகள் பலவற்றை 5,000-லேயே விட்டிருந்தது, சிலவற்றில் அதற்கும் கீழே. எத்தனையோ வருடமாக விசுவாசமாக இருந்தவர்களின் பூட்டுதான் மிகவும் மெலிந்த பூட்டு. இன்றைக்கு பிட்வார்டன் 6 லட்சம் சுற்று வைக்கிறது, வேண்டுமென்றால் அமைப்புகளில் ஆர்கான்2 என்ற இன்னும் கடினமான முறைக்கும் மாறிக்கொள்ளலாம்.

பலர் தவறவிட்ட ஒன்று. நகல் போன பிறகு மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றினால் அந்த நகலின் பூட்டு மாறாது. திருடன் கையில் இருப்பது பழைய சாவிக்குத்தான் திறக்கும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு தளத்தின் கடவுச்சொல்லையும் போய் மாற்றுவதுதான் வழி.

ஆக, நிறுவனம் ஹேக் ஆகும் நாளில் உங்களைக் காப்பாற்றப் போவது நீங்கள் வைக்கும் அந்த ஒரே மாஸ்டர் பாஸ்வேர்ட். அது சொத்தையாக இருந்தால் எந்தக் கம்பெனியும் உதவாது.

கட்டளைவரி

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒன்பாஸ்வேர்ட் என்ற மேனேஜர். அதில் மாஸ்டர் பாஸ்வேர்டோடு 'சீக்ரெட் கீ' என்று இன்னொரு சாவி சேரும். அதை உருவாக்குவது நம் கருவி, சர்வருக்கு அது போகவே போகாது. எனவே சர்வரிலிருந்து நகல் போனாலும், உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்ட் சுமாராகவே இருந்தாலும், ஊகித்து உடைக்க முடியாது. ஆனால் புதிய கருவியில் நுழைய அந்தச் சாவியும் வேண்டும். அதற்காகவே ஒரு தாளை அச்சிட்டு வைக்கச் சொல்வார்கள். நிரந்தர இலவசக் கணக்கு அவர்களிடம் இல்லை.

அணில்பிள்ளை

மறுபடியும் தாள்! எழுத்தாணி சிரித்துக்கொண்டிருப்பார்.

எழுத்தாணி

சிரிக்கிறேன்.

மறதிமன்னன்

சரி, பிட்வார்டன் என்று முடிவு செய்துவிட்டேன். மாஸ்டர் பாஸ்வேர்ட் தமிழிலேயே வைக்கலாமா? தமிழ்ச் சொற்களை ஹேக்கர்கள் ஊகிக்க மாட்டார்கள் அல்லவா?

கட்டளைவரி

தமிழ்ச் சொற்கள் வைக்கலாம், தமிழ் எழுத்தில் வேண்டாம். காரணம் வேடிக்கையானது. 'கொ' என்று எழுதுகிறோம். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் அதை இரண்டு விதமாக வைக்கலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்று, அல்லது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு. திரையில் இரண்டும் ஒன்றுதான். கடவுச்சொல்லைக் கணக்குப் போடும் நிரலுக்கு, அவற்றைச் சமப்படுத்தாமல் விட்டால், இரண்டும் வேறு வேறு. போனில் ஒரு கீபோர்டு, லேப்டாப்பில் இன்னொரு கீபோர்டு என்றால் சரியாகத்தான் தட்டுகிறீர்கள், ஆனால் 'தவறான கடவுச்சொல்' என்று வரும். பைத்தியம் பிடித்துவிடும். அதோடு, போகிற இடத்தில் தமிழ் கீபோர்டே இல்லாவிட்டால்? தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

பழையசாவி

சொற்களை உங்கள் மூளை தேர்ந்தெடுக்கக் கூடாது. பிள்ளை பெயர், பிடித்த பாட்டு வரி, பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள், எதுவுமே வேண்டாம். உங்களுக்கு மனப்பாடம் என்றால் ஊருக்கும் மனப்பாடம். 1995-ல் வந்த டைஸ்வேர் முறையில் 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் இருக்கும். பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல் விழும். அப்படி ஆறு சொல் எடுத்தால் ஆறு 7,776-களை ஒன்றோடொன்று பெருக்கிய அளவு சாத்தியங்கள். பட்டியல் திருடன் கையில் இருந்தாலும் கவலை இல்லை, பகடை எப்படி விழுந்தது என்பதுதான் ரகசியம். தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் ஓர் அகராதியைக் கண்ணை மூடிப் புரட்டி எடுக்கலாம், ஆனால் பிடிக்காத சொல்லைத் தள்ளிவிட்டு அடுத்த பக்கம் போகாதீர்கள். அங்கேதான் ஏமாற்றுவோம்.

முதல் பதினைந்து நாள் தாளைப் பார்த்துத் தட்டுங்கள். விரல் பழகிவிடும்.

சோம்பேறிசித்தர்

ஆறு சொல்லை ஒவ்வொரு தடவையும் தட்டுவதா? ஆளை விடுங்கள்.

நீலக்குடை

போனில் கைரேகை போதும், சித்தரே. முழுசாகத் தட்டுவது எப்போதாவதுதான். சொல்லப்போனால் அதுவே ஒரு பிரச்சினை. கைரேகையிலேயே ஓட்டினால் மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்துபோகும். லேப்டாப்பிலாவது தினம் ஒரு முறை தட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுஆந்தை

இழையை முழுக்கப் படித்தேன். யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். மறதிமன்னன், உங்கள் போன் நாளைக்குக் கிணற்றில் விழுந்தால், புதுக் கருவியில் எப்படி உள்ளே வருவீர்கள்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், எந்த ஆப் என்பது முக்கியமில்லை. போன் தொலைந்தது. புதுப் போனில் மாஸ்டர் பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டேன். 'புதிய கருவியாக இருக்கிறது, உங்கள் மெயிலுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம்' என்றது. மெயிலைத் திறக்கப் போனேன். மெயிலின் கடவுச்சொல் எங்கே? பெட்டகத்துக்குள். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறேன். பழைய டேப்லெட் ஒன்றில் மெயில் திறந்தே கிடந்ததால் பிழைத்தேன், அதுவும் சார்ஜ் ஏறுமா என்று அரை மணி நேரம் வேண்டிக்கொண்டு.

பிட்வார்டனும் 2025-லிருந்து இரண்டடுக்கு சரிபார்ப்பு (கடவுச்சொல்லுக்குப் பின் இன்னொரு குறியீடும் கேட்பது) போடாத கணக்குகளிடம் இப்படி மெயில் குறியீடு கேட்கிறது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் வட்டமாகிவிடுகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தாலோ 'மறந்துவிட்டேன்' பொத்தான் காப்பாற்றாது. சாவி அவர்களிடம் இல்லை என்று மேலே பெருமையாகப் பேசினோமே, அதன் மறுபக்கம் இது.

மறதிமன்னன்

படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. அப்படியென்றால் என்ன எழுதி வைக்க வேண்டும்?

இரவுஆந்தை

ஒரே ஒரு தாள். அதில் மாஸ்டர் பாஸ்வேர்ட், பிட்வார்டன் கணக்கின் மெயில் முகவரி, மெயிலின் கடவுச்சொல். இரண்டடுக்கு சரிபார்ப்பு போடுங்கள், போட்டதும் அது தரும் மீட்புக் குறியீட்டையும் (இரண்டாவது அடுக்கைத் திறக்க வழி இல்லாதபோது போடுவது) அதே தாளில் எழுதுங்கள். இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு கட்டடத்தில். ஒன்று நம்பிக்கையான உறவினரிடம் இருந்தால் உங்களுக்கே ஏதாவது ஆனாலும் வீட்டில் இருப்பவர்கள் திண்டாட மாட்டார்கள். கட்டணக் கணக்கில் 'அவசர அணுகல்' என்ற வசதி உண்டு: நீங்கள் குறித்தவர் கேட்டதும், நீங்கள் மறுக்காமல் குறிப்பிட்ட நாள்கள் கடந்தால், அவருக்குத் திறக்கும். எனக்குத் தாளே பிடித்திருக்கிறது.

கட்டளைவரி

இரண்டாவது அடுக்குக்கான ஆறு இலக்க ஓடிபியை உருவாக்குவதையும் அதே பாஸ்வேர்ட் மேனேஜரில் வைக்காதீர்கள். இரண்டு பூட்டின் சாவியும் ஒரே வளையத்தில் என்றால் இரண்டாவது பூட்டு எதற்கு?

பழையசாவி

இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். கசிந்த கடவுச்சொல்லை வைத்து நுழைகிறவனை ஓடிபி எங்கே இருந்தாலும் தடுக்கும். தனி ஆப்பில் வைக்கச் சொன்னால் பாதிப் பேர் ஓடிபியே போட மாட்டார்கள். மேனேஜரின் ஓடிபியை மட்டும் வெளியே வைத்தால் போதும்.

கட்டளைவரி

மெயிலும் வங்கியும்கூட வெளியேதான் இருக்க வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அணில்பிள்ளை

நீங்கள் இருவரும் இதே சண்டையை இதற்கு முன்பும் போட்டிருக்கிறீர்கள். மறதிமன்னன், வீடு மாறும்போது கவனிக்க ஒன்று சொல்கிறேன். பிரவுசரிலிருந்து எடுக்கும் சிஎஸ்வி என்ற பட்டியல் கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் பூட்டில்லாமல் பச்சையாக இருக்கும். பிட்வார்டனில் ஏற்றியதும் டவுன்லோட்ஸிலிருந்தும் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழியுங்கள். நான் ஒன்றரை வருடம் அழிக்காமல் இருந்தேன். அப்புறம், 140-ஐயும் ஒரே நாளில் மாற்ற முயலாதீர்கள், மூன்றாம் நாள் வெறுத்துவிடும். முதலில் மெயில், அடுத்து பணம் புழங்கும் கணக்குகள். மற்றதெல்லாம் அந்தத் தளத்துக்குப் போகும்போது ஒவ்வொன்றாக. பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலான டிஜிட்டல் சாவி) கேட்கிற தளம் வந்தால் அதையும் பெட்டகத்திலேயே சேமிக்கலாம்.

பழையசாவி

கடவுச்சொற்களை வெளியே எடுப்பது, அதாவது ஏற்றுமதி என்றதும் ஒன்று நினைவு வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர் ஆப்பில் கடவுச்சொல் சேமிக்கும் வசதி இருந்தது. 2025 ஜூலையில் தானாக நிரப்புவதை நிறுத்தினார்கள், ஆகஸ்டில் அந்த ஆப்பிலிருந்து கடவுச்சொற்களையே பார்க்க முடியாமல் செய்தார்கள், எட்ஜ் பிரவுசருக்குப் போகச் சொன்னார்கள். எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் ஒரு நாள் கடையை மூடலாம். பிட்வார்டனிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஏற்றுமதிக் கோப்பு ஒன்றை எடுத்து யூஎஸ்பியில் போட்டு வையுங்கள்.

மறதிமன்னன் (மூன்று வாரம் கழித்து)

நிலவரம் சொல்கிறேன். 140-ல் 38 கணக்குகளை மாற்றியாயிற்று. சுமார் 20 கணக்குகள் எதற்கென்றே தெரியவில்லை, மூடிவிட்டேன். ஆறு சொல் விரலுக்குப் பழகிவிட்டது, அர்த்தமே இல்லாத ஒரு வாக்கியம், இப்போது குளிக்கும்போதுகூட முணுமுணுக்கிறேன்.

நேற்று ஆந்தை சொன்ன கிணற்றுச் சோதனையைச் செய்தேன். போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, தம்பியின் லேப்டாப்பில் தாளை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாஸ்டர் பாஸ்வேர்ட் சரி. ஓடிபி கேட்டது, ஓடிபி ஆப் அலமாரியில். மீட்புக் குறியீட்டைப் போட்டேன், பெட்டகம் திறந்தது! அப்படியே மெயிலையும் திறந்து பார்ப்போம் என்று போனால், அது 'உங்கள் போனுக்கு வந்த எண்ணைப் போடுங்கள்' என்கிறது. மாட்டினேன். உண்மையிலேயே போன் போயிருந்தால் மெயில் போன மாதிரிதான். போனை எடுத்து உள்ளே நுழைந்து, மெயிலுக்கான பேக்கப் குறியீடுகளையும் எடுத்துத் தாளில் சேர்த்துவிட்டேன். தம்பியின் லேப்டாப்பில் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிட்டேன். இப்போது நிம்மதி.

இரவுஆந்தை

அருமை. ஒரு கேள்வி: பிட்வார்டனில் மீட்புக் குறியீட்டைப் பயன்படுத்தினால் இரண்டடுக்கு சரிபார்ப்பு மொத்தமாக அணைந்துவிடும். அந்தக் குறியீடும் இனி செல்லாது, புதிதாக ஒன்று உருவாகியிருக்கும். மறுபடி போட்டு, புதியதைத் தாளில் எழுதினீர்களா?

மறதிமன்னன்

…இல்லை. லேப்டாப்பைத் திறக்கிறேன்.